மனநோயும் இருவகைச் சிகிச்சையும்

உடலில் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் செல்ல நாம் தயங்குவதில்லை. மனம் பிணியுற்றாலோ, முதலில் மறைக்கிறோம்; பின்னர்ப் பழிக்கிறோம்; வைத்தியரை நாடுவது எல்லாவற்றிற்கும் கடைசியில்தான். திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடைக்கு அருகே ஊளம்பாறை என்னும் இடம் உள்ளது. அங்குள்ள அரசாங்க மனநல நிலையத்தின் வரலாறு, ஆயில்யம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், 1870-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழகத்தோடு இணையும்வரை நாஞ்சில் நாட்டுத் தமிழருக்கும் தலைநகரம் திருவனந்தபுரமே. ஒருவரை ஏளனம் செய்ய வேண்டுமானால், 'ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டும்' என்று சொல்லும் வழக்கம் மலையாளத்தில் உண்டு. நோய் தீர்க்க எழுந்த ஓர் இடத்தின் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது.

அந்த வசைக்கு ஒரு காரணம் உண்டு. கடும் மனநோயைத் தணிக்கத் தகுந்த மருந்து நெடுங்காலம் உலகில் எங்குமே இருக்கவில்லை. அக்காலத்து வைத்தியசாலைகள் நோயாளரைப் பாதுகாத்து வைத்தனவேயன்றி, அவர்களைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் வல்லமை பெற்றிருக்கவில்லை. உள்ளே சென்றவர் பலர் திரும்பவில்லை. ஊரார் கண்டது மதிலை மட்டுமே. அச்சம் வளர்ந்ததில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலை மாறிற்று. அம்மாற்றத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தியின் வேர் மனக் கொந்தளிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள அறிஞர்கள் 1931-ல் எழுதினார்கள். 1952-ல் ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானிகள் அவ்வேரிலிருந்து ரெஸர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர்களான ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமஸீன் என்னும் மருந்தைக் கடும் மனநோயாளருக்கு அளித்து, அதன் பலனை உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு முன்னரே, 1949-ல், ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்பவர் லித்தியம் உப்பு மிகை எழுச்சியை அடக்குவதைக் கண்டிருந்தார். 1957-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ரோலந்து கூன், இமிப்ரமின் என்னும் மருந்து ஆழ்ந்த மனச்சோர்வைப் போக்குவதை எடுத்துரைத்தார். பக்க விளைவுகளாலும், அதனினும் நல்ல மருந்துகள் வந்தமையாலும் ரெஸர்பின் மனநோய்ச் சிகிச்சையில் வழக்கொழிந்தது. லித்தியமோ இன்றும் பயன்படுகிறது.

இம்மருந்துகள் என்ன செய்கின்றன? மூளையின் நரம்பணுக்கள் டோபமின், செரடோனின் முதலிய இரசாயனப் பொருள்களின் வழியே ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. மருந்துகள் அப்பரிமாற்றத்தைக் கூட்டியோ குறைத்தோ மாற்றுகின்றன. நோயின் முழுக் காரணம் இரசாயனக் குறைபாடு ஒன்றே என்று இன்றைய விஞ்ஞானம் கூறுவதில்லை. பரம்பரை, வளர்ப்பு, இழப்பு, வறுமை, போதைப் பழக்கம் ஆகிய பலவும் அதில் கலந்துள்ளன. ஆயினும், காரணம் பலவாயினும், மருந்து துன்பத்தைத் தணிப்பது கண்கூடு.

வானொலிப் பெட்டியில் இரைச்சல் மிகுந்தால், பேசுவோர் எவ்வளவு நல்லன பேசினும் நம் செவிக்கு எட்டுவதில்லை. மருந்து இரைச்சலைத் தணிக்கிறது. ஆனால் இரைச்சல் தணிந்த மாத்திரத்தில் நல்ல பேச்சு தானே பிறந்துவிடாது. அதைப் பேசுவதற்கு ஒருவர் வேண்டும். உரையாடல் வழிச் சிகிச்சையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

உரையாடல் சிகிச்சை என்பது ஆறுதல் மொழியோ புத்திமதியோ அன்று. பயிற்சி பெற்ற மனவியல் வல்லுநர், வாரத்திற்கு ஒரு முறை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம், ஒரு திட்டத்தோடு நடத்துவது அது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்று நம்பும் ஒருவரை அந்நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று ஆராயச் செய்வதும், கூட்டத்தை அஞ்சுபவரைச் சிறிது சிறிதாகக் கூட்டத்திற்குப் பழக்குவதும் அதன் முறைகள். அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த வழி இதில் புகழ் பெற்றது. மாத்திரை இவற்றைக் கற்பிக்காது. துயரத்தை எவ்வாறு சுமப்பது, உறவை எவ்வாறு சீர் செய்வது என்பனவற்றை எந்தக் குப்பியிலும் அடைத்து விற்க முடியாது.

எந்நோய்க்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு உரையாடல் என்னும் அளவு நோய்க்கு நோய் வேறுபடும். இலேசான மனச்சோர்வுக்கும் அச்சத்திற்கும் பல சமயம் உரையாடலே போதும். மனச்சோர்வு கடுமையானால், இரண்டும் சேர்ந்த சிகிச்சை தனித்த ஒன்றைவிடப் பெரும்பாலும் நற்பயன் தருகிறது. இல்லாத குரல் கேட்பதும், எவரையும் சந்தேகிப்பதுமான மனச்சிதைவு நோய்க்கு மருந்தே அடித்தளம். குடும்பத்தாருக்கு நோயை விளக்கும் பயிற்சியும் சேர்ந்தால் நோய் திரும்புவது குறைகிறது. எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கும் மருந்தை நெடுநாள் தொடர வேண்டியிருக்கும்.

மருந்து உட்கொள்வோர் மூன்று செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, பொறுமை. மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். வாய் உலர்தல், குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் சில நாட்களிலேயே வரலாம். தொல்லை முன்னே வந்து பலன் பின்னே வருவதால், இடையில் கைவிடுவோர் பலர். இரண்டாவது, குணமானவுடன் நிறுத்தாமை. முதன்முறை மனச்சோர்வுற்றவர்கூடக் குணமான பின் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மருந்தைத் தொடர்வது நலம். நிறுத்துவதாயினும் வைத்தியர் சொற்படி படிப்படியாகவே நிறுத்த வேண்டும். மூன்றாவது, மருந்துகளை வேறுபடுத்தி அறிதல். தூக்க மாத்திரைகளிலும் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளிலும் பல, நெடுநாள் உட்கொண்டால் பழக்கமாகிவிடும். மனச்சிதைவு, மனச்சோர்வு மருந்துகள் அத்தகையன அல்ல. லித்தியம் உட்கொள்வோர் இரத்தத்தில் அதன் அளவைக் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்காலும் கடும் வெயிலாலும் உடலில் நீர் வற்றினால் அவ்வளவு ஏறி ஆபத்து விளையும்.

மருந்தை எழுதித் தருபவர் மனநல வைத்தியர். உரையாடல் நடத்துபவர் பெரும்பாலும் வேறொருவர். இவ்விருவரும் ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்து செய்தல் இன்றியமையாதது. 'மாத்திரை வெறும் நஞ்சு' என்று ஒருவரும், 'பேச்சு வெறும் பொழுதுபோக்கு' என்று மற்றவரும் கூறினால், நடுவில் தவிப்பவர் நோயாளியே. தலைச் சுற்றலையோ கை நடுக்கத்தையோ வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படும் ஒருவர், தம்மோடு நெடுநேரம் பேசும் வல்லுநரிடம் அதைச் சொல்லிவிடுவதுண்டு. அச்செய்தி, நோயாளியின் இசைவோடு, வைத்தியரைச் சென்றடைந்தால் மருந்தின் அளவு திருந்தும், மருந்து கைவிடப்படாது.

இவ்விருவரோடு சிகிச்சை முற்றுப் பெறுவதில்லை. திருவள்ளுவர் மருந்து என்பதை நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நான்காகப் பகுத்தார். கேரளத்தார் போற்றும் அஷ்டாங்க ஹிருதயமும் இந்நான்கையே சிகிச்சையின் நான்கு பாதங்களாகக் கூறும். இந்நான்காவது பாதத்தின் வலிமையை 1950-களில் அமிருதசரஸில் டாக்டர் வித்யா சாகர் காட்டினார். அவர் மனநோய் வைத்தியசாலை வளாகத்தில் கூடாரம் அமைத்து, நோயாளரோடு உறவினரையும் தங்கச் செய்தார். நோய் இன்னதென்று கண்ட குடும்பம் நோயாளியை அஞ்சாமல் வீட்டுக்கு அழைத்துச் சென்றது.

அப்பாதம் முறிந்தால் நேர்வது என்ன என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சிகிச்சை பெறும் உரிமையையும், சமூகத்தின் நடுவே வாழும் உரிமையையும் அவர்களுக்கு உறுதி செய்கிறது. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழியாகத் தமிழிலும் மலையாளத்திலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

சட்டமும் தொலைபேசியும் வாயில் வரை வழி காட்டும். வாயிலைக் கடக்கத் துணிவு தருவது நம் சொல். இன்று ஊளம்பாறைக்குச் செல்வோருள் பலர் புறநோயாளராகச் சென்று, வைத்தியரைக் கண்டு, மருந்து பெற்று, அன்றே வீடு திரும்புகின்றனர். அவ்வாறு திரும்பும் ஒருவரை 'எங்கே போய் வந்தாய்?' என்று கேலியாகக் கேளாமல், 'மாத்திரை சாப்பிட்டாயா? அடுத்த முறை எப்போது வரச் சொன்னார்கள்?' என்று இயல்பாகக் கேட்கும் வீடே நான்காவது பாதம் உறுதியாக உள்ள வீடு. நீரிழிவுக்காரரிடம் அவ்வாறு கேட்க நாம் கூசுவதில்லை. மனநோயுற்றவரிடமும் கூச வேண்டுவதில்லை.