நாகூர் தாண்டினா ஏன் செக்போஸ்ட்? காரைக்கால் எல்லை உருவான கதை

நாகூரிலிருந்து காரைக்காலுக்கு பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே வாஞ்சூர் செக்போஸ்ட் வந்துவிடும். இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். ஆனா வண்டி நம்பர் PY 02-ன்னு மாறுது, பெட்ரோல் விலை மாறுது, பையில் பாட்டில் இருந்தால் போலீஸ் கேள்வி கேட்குது.

2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியபோது, 'வடக்கு அயர்லாந்துக்குப் போகும் சரக்கை எங்கே நிறுத்திச் சோதிப்பது?' என்று வருஷக்கணக்கில் இழுபறி நடந்தது ஞாபகம் இருக்கா? அதே தலைவலி காரைக்காலுக்கு 1949-லேயே வந்துவிட்டது.

எல்லை எப்படி முளைத்தது?

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர். (பக்கத்துல தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம், நாகப்பட்டினம் டச்சுக்காரர்களிடம் இருந்த காலம் அது. அம்பது கிலோமீட்டருக்குள்ள மூணு ஐரோப்பிய நாடு!) 1947-ல் பிரிட்டிஷார் போனாலும் பிரெஞ்சுக்காரர்கள் போகவில்லை. காரைக்காலுக்கு மூன்று பக்கம் இந்தியா, ஒரு பக்கம் கடல்.

ஆனாலும் உடனே வேலி விழவில்லை. காரணம், 1941-ல் போட்ட சுங்க ஒப்பந்தம். பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஒரே சுங்க ஏற்பாடு என்பதால் நடுவில் சோதனை தேவைப்படவில்லை. 1949-ல் இந்தியா அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு காரைக்கால் எல்லையே சுங்க எல்லை. உள்ளே இறங்கும் வெளிநாட்டுச் சரக்குக்கு இந்திய வரி கிடையாது. எல்லையைத் தாண்டினால் உண்டு. இந்த வித்தியாசம் போதாதா? தங்கமும் கைக்கடிகாரமும் கடத்தல் சரக்காகின. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிற சாதாரண ஆளும் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சுங்க எல்லையின் கதை அத்தோடு முடிந்தது.

ஆனா மனுஷங்க எந்த நாடு?

இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. நிர்வாகம் மாறியும் சட்டப்படி அந்த மண் பிரான்சுடையதாகவே இருந்தது. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அந்தத் தேதியில், இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயசுக்குக் கீழே உள்ள, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா எழுதிக் கொடுத்ததுதான் கணக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்திருப்பார், தம்பி கொடுத்திருக்க மாட்டார். அண்ணன் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள், தம்பி பிள்ளைகள் பாரிஸ் போக விசா கேட்கணும். காரைக்காலில் இன்றைக்கும் பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள் இருப்பது அந்த ஆறு மாதத்தின் விளைவு. பிரெக்ஸிட்டில் குடியேறியவர்கள் பதிவு செய்ய வருஷக்கணக்கில் அவகாசம் தந்தார்கள். இங்கே மொத்தமே ஆறு மாதம். என்னைக் கேட்டால், ஒரு தலைமுறையின் பாஸ்போர்ட்டை முடிவு செய்ய அது ரொம்பக் குறைவு.

அப்புறம் ஏன் தமிழ்நாட்டோடு சேரலை?

பழைய சிறப்பு நிர்வாக நிலை தொடரும், அதை மாற்ற வேண்டுமானால் மக்களின் விருப்பத்தை அறிய வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் 2-வது பிரிவு சொல்கிறது. 1963-ல் புதுச்சேரி, சட்டமன்றத்தோடு கூடிய யூனியன் பிரதேசமானது. சுமார் 130 கி.மீ. தள்ளியிருந்தாலும் காரைக்கால் அதன் பகுதி. 1979-ல் மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு கிளம்பியது. புதுச்சேரியில் பெரும் போராட்டம் வெடித்தது, பேச்சு அப்படியே நின்றது.

இப்போ செக்போஸ்ட்டில் என்ன பார்க்கிறார்கள்?

2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு பெரும்பாலான சரக்குக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். ஆனால் பெட்ரோல், டீசல், மது மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே. அந்த வரியை ஒவ்வொரு அரசும் தனித்தனியாகப் போடுகிறது. அதனால்தான் காரைக்காலில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருகிறவரை யாரும் கேட்பதில்லை; பாட்டிலோடு வருகிறவரைத் தமிழ்நாடு மதுவிலக்கு போலீஸ் வாஞ்சூர் தாண்டியதும் நிறுத்துகிறது.