ஆங்கிலம் பழக ஒரு மேசை, வேதாகமம் படிக்க ஒரு மேசை

புதிதாக வந்தவர்களுக்குத் தேவாலயம் மொழி கற்றுத் தருவது சேவையா, வலையா? பேரா தமிழர்களின் பழைய அனுபவம் சொல்லும் பதில்.

மொழி தெரியாத ஊருக்கு வந்து சேரும் ஒருவருக்கு முதலில் என்ன தேவை? வேலையும் தங்குமிடமும் என்று சொல்லிவிடுவோம். அந்த இரண்டும் கிடைத்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. கிளினிக்கில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். சம்பளத்தில் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். கடப்பிதழை யாரிடம் கொடுக்கிறோம், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வாய் திறந்து பேசத் தெரிய வேண்டும்.

இந்தத் தேவையை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் தேவாலயத்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்காக வாரம் ஒரு முறை ஆங்கில உரையாடல் வகுப்பு, அதைத் தொடர்ந்து வேதாகமப் படிப்பு என்று நடத்தும் குழுக்கள் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஏராளம். நம் நாட்டுத் தேவாலயங்களும் இவ்வகைப் பணியில் ஈடுபட்டு வருகின்றன.

இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு தரப்பு உடனே உருவாகிவிடும். "மொழியைக் காட்டி மதத்துக்குள் இழுக்கிறார்கள்" என்பது ஒரு தரப்பு. "யாருமே கற்றுத் தராதபோது அவர்களாவது கற்றுத் தருகிறார்களே" என்பது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. எந்த இடத்தில் எது உண்மை என்று பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

வகுப்பில் நடப்பது என்ன?

இத்தகைய குழுக்கள் எங்கு நடந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தேவாலய மண்டபத்தில் நாலைந்து மேசைகள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர், இல்லத்தரசி, கல்லூரி மாணவர் என யாராவது ஒரு தொண்டர் மேசைக்குத் துணையாக உட்காருவார். இலக்கணப் பாடம் கிடையாது. பெயர் சொல்வது, பேருந்துக் கட்டணம் கேட்பது, தொலைபேசியில் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவது, வீட்டு உரிமையாளரிடம் குழாய் ஒழுகுவதைச் சொல்வது என்று அன்றாடப் பேச்சு மட்டும்தான். தவறாகப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. புதியவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

இடையில் தேநீரும் பலகாரமும் உண்டு. அதன் பிறகு, விரும்புபவர்கள் வேதாகமப் பகுதிக்குப் போவார்கள். நான்கு நற்செய்திகளில் மிகச் சிறியது மாற்கு என்பதால் பல இடங்களில் அதிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆளுக்குச் சில வசனங்களை உரக்கப் படிப்பார்கள். கடினமான சொற்களுக்கு விளக்கம் தரப்படும். "யார் வந்தார்கள்? என்ன கேட்டார்கள்? அவர் ஏன் அப்படிப் பதில் சொன்னார்?" என்று கேள்விகள் வரும்.

பாடநூல் என்ற அளவில் வேதாகமத்துக்கு ஒரு வசதி உண்டு. அது உலகின் பல நூறு மொழிகளில் முழுமையாகக் கிடைக்கிறது. கற்பவர் தம் தாய்மொழிப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டவர்களையும் மனத்தில் வைத்து, எளிய நடையில் ஒரு புதிய ஏற்பாட்டை அமெரிக்க வேதாகமச் சங்கம் 1966-இல் வெளியிட்டது. 'குட் நியூஸ்' என்ற பெயரில் பலரும் அறிந்த பதிப்பு அது.

இதில் மத நோக்கம் இல்லையா? உண்டு. தேவாலயங்களும் அதை மறுப்பதில்லை. தங்கள் நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்வது கடமை என்று நினைப்பவர்கள் அவர்கள். ஆகவே நோக்கம் உண்டா என்று ஆராய்வதில் பயனில்லை. வருபவருக்கு அது முதலிலேயே சொல்லப்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஈப்போவில் நான்கு மாணவர்கள்

பேராவுக்கு இது புதிய செய்தி அல்ல. பெங்களூரில் பிறந்த மெதடிஸ்ட் போதகர் வில்லியம் ஓல்டாம் 1885-இல் சிங்கப்பூர் வந்தார். அங்கே சீனப் பிரமுகர்கள் ஆங்கிலத்தில் சொற்போர் பழக ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தில் அவர் உரையாற்றினார். அதைக் கேட்ட தான் கியோங் சையிக் என்ற வணிகர், தமக்கு ஆங்கிலம் கற்றுத் தரும்படி கேட்டுக்கொண்டார். ஒருவருக்குத் தொடங்கிய அந்தப் பாடமே 1886-இல் 13 சீனச் சிறுவர்களைக் கொண்ட ஆங்கிலோ-சைனீஸ் பள்ளியாக வளர்ந்தது.

அதே வழியில் 1895-இல் ஈப்போவுக்கு வந்தவர் வில்லியம் ஹோர்லி. ஈயம் ஈப்போவை வேகமாக வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். ஓர் அத்தாப்புக் கூரை வீட்டில் நான்கு மாணவர்களுடன் அவர் பள்ளியைத் தொடங்கினார். ஈப்போ ஏ.சி.எஸ். என்று இன்றும் அழைக்கப்படும் பள்ளி பிறந்த கதை இதுதான். பின்னர் 1912-இல் லா சால் சபையினரின் புனித மைக்கேல் பள்ளியும் வந்தது. சீனர், தமிழர், சீக்கியர், யூரேசியர் எனப் பல இனப் பிள்ளைகள் இப்பள்ளிகளில் ஆங்கிலம் படித்து, அரசாங்க அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் பள்ளிகளுக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்களில் பலர் தங்கள் பெற்றோரின் சமயத்திலேயே இருந்தார்கள்.

யாழ்ப்பாணம் தந்த பாடம்

மலாயா ரயில்வேயிலும் அஞ்சல் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பணியாற்ற யாழ்ப்பாணத் தமிழர்கள் ஏன் இவ்வளவு பேர் வந்தார்கள்? அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. அந்த ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மிஷன் பள்ளிகளிலிருந்து வந்தது.

அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடம் ஒன்றை நிறுவினார்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். ஆனால் 1855-இல் மிஷன் தலைமையே அக்கூடத்தை மூடிவிட்டது. மாணவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொண்டு நல்ல சம்பளத்துக்கு அரசு வேலைக்குப் போகிறார்களே தவிர, போதகர்களாக வருவதில்லை என்பது அந்த முடிவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆறுமுக நாவலரின் வாழ்க்கை இதைவிடத் தெளிவான சான்று. 1822-இல் பிறந்த அவர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தார். அங்கேயே ஆசிரியரானார். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணையாக இருந்தார். வேதாகமத்தை அவ்வளவு நெருக்கமாகப் படித்தவர், கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். பள்ளி, அச்சகம், பிரசங்கம் என்று மிஷனரிகளின் வழிமுறைகளையே சைவத்துக்குப் பயன்படுத்தினார்.

வேதாகமம் படித்த எல்லாரும் மதம் மாறிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? மாறியவர்களும் இருந்தார்கள். அவர்களில் மனப்பூர்வமாக மாறியவர்களும் உண்டு; சோற்றுக்கும் படிப்புக்கும் வழி தேடிச் சேர்ந்தவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினரைப் பற்றித்தான் இன்றைக்கும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்கு வராத ஆங்கிலம்

பட்டணத்துக்கு வந்த ஆங்கிலம் ரப்பர் தோட்டத்துக்குள் நுழையவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித் தோன்றியவை தமிழ்ப் பள்ளிகள். பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர் என்ற அளவில்தான் இருந்தது. அப்பள்ளிகளே தமிழைக் காப்பாற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் துரையின் மொழி தொழிலாளிக்குத் தெரியாது. துரை சொன்னதைக் கங்காணியும் கிராணியும்தான் வந்து சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னது எதுவோ அதுவே துரையின் உத்தரவு.

பத்து காஜா அருகே கெல்லி மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலையும் பார்க்கலாம். தொழிலாளர்களுக்காக அந்தத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் எழுப்பிய கோயில் அது. கோயில் கூரைச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைக்காரர் உடையில் ஓர் உருவமும் நிற்கிறது. அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளிக்குக் கோயில் கிடைத்தது, கொட்டகைப் பள்ளி கிடைத்தது. தன் குறையைத் தானே நேரில் போய்ச் சொல்லும் மொழி கிடைக்கவில்லை. அதற்கான விலையைப் பல தலைமுறைகள் கொடுத்தன.

இன்றைக்கு வந்திருப்பவர்கள்

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தமிழர்கள் புந்தோங்குக்கும் ஈப்போவின் மற்ற புறநகர்களுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தார்கள். நாடு முழுவதும் தோட்டங்களில் அவர்கள் விட்டுச்சென்ற வேலையை இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள் செய்கிறார்கள். சங்கதி பழையதுதான், ஆட்கள்தான் புதியவர்கள்.

பேராவுக்கு வரும் வெளிநாட்டார் எல்லாருக்கும் தேவை ஒன்றல்ல. ஸ்ரீ இஸ்கந்தாரிலும் கம்பாரிலும் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவருக்கு ஆங்கிலம் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு ஆங்கிலத்தைவிட மலாய் மொழி அவசரம். அகதிகளின் நிலை வேறு. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் மட்டும் ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. சமூக அமைப்புகளும் தேவாலயங்களும் நடத்தும் கற்றல் மையங்களே அவர்களுக்குக் கதி. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியேறக் காத்திருந்தவர்களுக்கு ஆங்கிலம்தான் வாழ்க்கைக்கான முதல் கருவி. 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை ஏற்பதை நிறுத்தி வைத்தபோது, அந்த எதிர்பார்ப்போடு இருந்த பல குடும்பங்கள் நடுவழியில் நின்றன.

இங்கே சட்டத்தையும் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களிடையே பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு சொல்கிறது. பேராவில் அதற்கான சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. வந்திருக்கும் புதியவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். ஆகவே மொழி வகுப்பையும் வேதாகமப் படிப்பையும் ஒரே மேசையில் கலந்து நடத்துவது இங்கே சரிப்படாது. இரண்டையும் தனித்தனி மேசையாக வைப்பது சட்டத்துக்கும் பாதுகாப்பு, வருபவருக்கும் மரியாதை.

எதைக் கொண்டு மதிப்பிடுவது?

இத்தகைய வகுப்பு நேர்மையாக நடக்கிறதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, அறிவிப்பிலேயே உண்மை சொல்லப்படுகிறதா? "ஆங்கில வகுப்பு, அதன் பிறகு விரும்புவோருக்கு வேதாகமப் படிப்பு" என்று எழுதி ஒட்டினால் அது அழைப்பு. ஆங்கிலம் என்று மட்டும் சொல்லி உள்ளே கூட்டிப் போய் ஜெபத்தில் உட்கார வைத்தால் அது ஏமாற்று.

இரண்டாவது, வேதாகமப் பகுதிக்கு இருக்காமல் எழுந்து போகிறவர் அடுத்த வாரம் வந்தால் அதே வரவேற்பு கிடைக்கிறதா?

மூன்றாவது, அரிசி, மருந்து, வேலை, பிள்ளைகளின் படிப்பு ஆகிய உதவிகளுக்கும் வழிபாட்டுக்கும் முடிச்சுப் போடப்படுகிறதா? புதியவர் பலவீனமான நிலையில் இருப்பவர். "வேண்டாம்" என்று சொன்னால் உதவி நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவரின் "சரி"க்கு அர்த்தமில்லை. பல தேவாலயத்தாரே இதை ஏற்றுக்கொள்வார்கள். பயத்தில் வரும் பக்தியை அவர்களும் விரும்புவதில்லை.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்கும் இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதில் கிடைக்காத இடத்தில் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கேள்வி கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடுமா? நாவலர் மிஷன் பள்ளிகளைக் குறை கூறியதோடு நின்றுவிடவில்லை. தாமும் பள்ளி திறந்தார். பேராவில் கோயில் மண்டபங்கள் உண்டு, இயக்கங்கள் உண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து உணவகத்துக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் வேலைக்கு வரும் இளைஞருக்கு, சம்பளச் சீட்டைப் படிக்கவும், மருத்துவரிடம் பேசவும், மலாயும் ஆங்கிலமும் கொஞ்சம் கற்றுத் தர வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெரிய செலவு இல்லை. நான்கு நாற்காலி, ஒரு மேசை, ஒரு குடுவை தேநீர்.

ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் மொழி தெரியாமல் நின்றவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். அன்றைக்கு அவர்களுக்கு அப்படி ஒரு மேசையைப் போட ஆளில்லை. இன்றைக்கு அதே நிலையில் நிற்பவர்களுக்குப் போட நம்மால் முடியும்.