முள்முருங்கை விதைக்குள் ஒரு பூட்டு!

வேலி ஓரத்தில் நிற்கும் முள்முருங்கையை எல்லோருக்கும் தெரியும். கல்யாண முருங்கை என்றும் சொல்வார்கள். சளி பிடித்தால், அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டித் தருவார்கள் பாட்டிமார்கள்.

விதையை மட்டும் யாரும் தின்பது இல்லை. தின்னவும் கூடாது. அதில் விஷம் இருக்கிறது.

இந்த மரத்துக்குத் தென் ஆப்பிரிக்காவில் பங்காளிகள் உண்டு. அந்தப் பங்காளி மரம் ஒன்றின் விதை, உயிர் காக்கும் பொருள் ஒன்றைப் பிரித்து எடுக்க உதவியது.

கத்தரிக்கோலுக்குப் பூட்டு

நாம் சாப்பிடும் பருப்பில் புரதச் சத்து இருக்கிறது. குடலுக்குள் அதை வெட்டித் துண்டாக்குவது 'டிரிப்சின்' என்ற பொருள். இப்படிப்பட்ட பொருள்களுக்கு 'என்சைம்' என்று பெயர். கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி, புழுக்களின் வயிற்றிலும் இந்தக் கத்தரிக்கோல் உண்டு.

பல செடிகளும் மரங்களும் தங்கள் விதைக்குள் ஒரு தனிப் புரதத்தை வைத்திருக்கின்றன. அது கத்தரிக்கோலின் வாயில் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு வெட்ட முடியாது. புழு வயிறு நிறையத் தின்றாலும் ஜீரணம் ஆகாது!

சோயா மொச்சையில் உள்ள இத்தகைய புரதத்தை, அமெரிக்க விஞ்ஞானி மோசஸ் குனிட்ஸ் 1945-ல் படிகமாகப் பிரித்தார்.

ரத்தக் கட்டியைக் கரைக்க...

நம் ரத்தத்திலும் ஒரு கத்தரிக்கோல் உண்டு. அதன் பெயர் 'டி.பி.ஏ.' குழாயில் ரத்தம் கட்டிக்கொண்டால், அதைக் கரைக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது இதுதான். உடலில் இது மிக மிகக் கொஞ்சமே இருக்கிறது. தனியே எடுப்பது எப்படி?

தென் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் 1984-ல் வழி சொன்னார்கள். விதைப் புரதத்தைச் சின்னஞ்சிறு மணிகளில் ஒட்ட வைத்தார்கள். அவற்றின் வழியாக, டி.பி.ஏ. கலந்த திரவத்தை ஓடவிட்டார்கள். டி.பி.ஏ. மட்டும் மாட்டிக்கொண்டது. அதே மாதிரி வேலை செய்யும் 'யூரோகைனேஸ்' நழுவி ஓடிவிட்டது!

மாரடைப்புக்கு டி.பி.ஏ. மருந்து கொடுக்க அமெரிக்கா 1987-ல் அனுமதித்தது. பக்கவாதத்துக்கு 1996-ல் அனுமதி கிடைத்தது. பக்கவாதம் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். நேரம் போனால் பயன் குறையும், ஆபத்து கூடும்.

தண்ணீரே போதும்

விதையை அரைத்ததும் முதலில் எண்ணெயை நீக்கவேண்டும். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வரும் 'ஹெக்ஸேன்' இதற்கு வழக்கமாக உதவுகிறது. சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு அது. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நரம்பு கெடும்.

ஆகவே விஞ்ஞானிகள் தீங்கு குறைந்த திரவங்களைத் தேடுகிறார்கள். இவற்றைப் 'பசுமைக் கரைப்பான்' என்கிறார்கள்.

ஒரு முறை வேடிக்கையானது. மலச்சிக்கல் மருந்தில் சேரும் 'பாலி எத்திலீன் கிளைக்கால்' என்ற பொருளையும், ஓர் உப்பையும் போதிய அளவு தண்ணீரில் கரைக்கிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். ஆனால் இரண்டிலும் பெரும்பங்கு தண்ணீர்தான்! விதைச் சாற்றை ஊற்றிக் கலக்கினால், வேண்டிய புரதம் ஓர் அடுக்கிலும், வேண்டாதவற்றில் பெரும்பகுதி மற்றதிலும் சேரும்படி செய்யலாம். சுவீடன் விஞ்ஞானி ஆல்பர்ட்சன் 1950-களில் வகுத்த முறை இது. சோயாப் புரதப் பூட்டை இப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பசுமை என்று பெயர் வைத்தால் மட்டும் போதுமா? மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை ஆற்றில் விட்டால் பயிர் என்ன ஆகும்? அதனால் சிலர், எலுமிச்சம்பழத்தில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பைச் சேர்க்கிறார்கள். அந்த அமிலப் பகுதியை மண்ணில் உள்ள கிருமிகளே தின்று தீர்த்துவிடும்.