ஐகாரம் தேயும் இடம்



ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்குச் சென்றவர்கள் அங்கே எழும் குரல்களை மறக்க மாட்டார்கள். "வெண்டக்கா என்ன வெல?" என்பார் ஒருவர். "முருங்கக்கா மூட்ட வந்திருச்சா?" என்பார் மற்றொருவர். வெண்டைக்காய், விலை, முருங்கைக்காய், மூட்டை ஆகிய நான்கு சொற்களிலும் எழுத்தில் ஐகாரம் உண்டு. இப்பேச்சில் ஒன்றிலேனும் அது கேட்பதில்லை. எங்கே போயிற்று?

ஐகாரம் ஓரிடத்தில் நிற்கும் ஒலியன்று. 'ஆ' என்று எவ்வளவு நீட்டினாலும் நாக்கு அசைவதில்லை. 'கை' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நாக்கு அகரத்தில் தாழ்ந்து தொடங்கி, மூச்சு முறியாமலே இகரத்தை நோக்கி மேலேறுகிறது. ஔகாரமும் அகரத்தில் தொடங்கி, இதழ் குவிய, உகரத்தை நோக்கிச் செல்கிறது. தொல்காப்பியர் இவ்விரண்டையும் ஏழு நெடில்களுள் வைத்து, இரண்டு மாத்திரை அளவு கூறினார். அகரமும் இகரமும் கூடின் ஐகாரமாம், அகரமும் உகரமும் கூடின் ஔகாரமாம் என்பதையும் குறித்தார்.

நாக்கின் இப்பயணத்திற்கு நேரம் வேண்டும். கை, பை, தை என ஓரெழுத்துச் சொல்லாய் நிற்கும்போது அந்நேரம் கிடைக்கிறது; ஆகவே சந்தையிலும் கை கையாகவே ஒலிக்கிறது. சொல்லின் இடையிலும் கடையிலும் நேரம் குறைய, நாக்கு மேலேறாமல் நின்றுவிடுகிறது. மொழியிடத்து ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறைவதும் உண்டு என்று தொல்காப்பியரே கூறினார். நன்னூல் அதனை விரித்து, சொல்லின் முதல், இடை, கடை என்னும் மூவிடத்தும் ஐகாரம் குறுகும் என்றது. மலையாளத்தில் தலையும் இலையும் எழுத்திலேயே 'தல', 'இல' ஆயின. கன்னடத்தில் 'தலெ', 'எலெ' ஆயின. தமிழ்ப் பேச்சிலும் இவ்வொலி ஓரூரில் அகரமாகவும், வேறோர் ஊரில் எகரமாகவும் கேட்கிறது. எல்லா ஊராருக்கும் பொதுவாக நிற்பது எழுத்திலுள்ள ஐகாரமே. அதனைக் காக்க வேண்டிய காரணம் இதுதான்.

ஆனால் எவ்வாறு காப்பது? நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பேற்ற புதிதில், மூட்டை சுமப்பவரின் மகன் ஒருவன் 'சந்த' என்று எழுதினான். "பேச்சே திருந்தாதவனுக்கு எழுத்து எப்படித் திருந்தும்?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்தேன். அதன்பின் அவன் வாய்விட்டுப் படிக்கவே அஞ்சினான். நன்னூலை நெட்டுருச் செய்திருந்த எனக்கு, நன்னூல் சொன்ன குறுக்கத்தைத்தான் அவன் செவி கேட்டது என்பது அன்று விளங்கவில்லை.

பின்னர் வேறு வழி கண்டேன். 'சந்த' என்று எழுதும் பிள்ளையிடம், "காயை எங்கே வாங்கினாய்?" என்று கேளுங்கள். "சந்தையில" என்பான். 'வெல' என்பவன் "அந்த வெலைக்கு" என்பதோடு "வெலையில" என்றும் சொல்வான். அகரம்போல முடியும் பெயர்ச்சொல்லில் 'இல்' உருபைச் சேர்க்கும்போது யகரம் தோன்றினால், அங்கே ஐகாரம் ஒளிந்திருக்கிறது. 'ஐ' என்று எழுதுக. பிள்ளையின் பேச்சே அவனுக்கு இலக்கண ஆசானாகிறது.

எழுத்தில் ஐகாரத்தைக் காப்போம். அதன்பொருட்டு, பேசும் பிள்ளையை நாணச் செய்யாதிருப்போம்.