மொபெட்: சேலம், நாமக்கல் சமவெளியின் சிறுவண்டி

மொபெட் என்பது குறைந்த திறன் கொண்ட எஞ்சினில் இயங்கும் இலகுவான இருசக்கர வண்டி ஆகும். தமிழ்நாட்டில் இது நிறுவனப் பெயராலேயே 'டிவிஎஸ் ஃபிஃப்டி' என்றும், பிந்தைய வடிவங்கள் 'எக்ஸெல்' என்றும் அழைக்கப்படுகின்றன. மொபெட் என்ற சொல் 1952-இல் சுவீடனில் மோட்டார், பெடல் ஆகிய சொற்களின் முன்பகுதிகளை ஒட்டி உருவானது. இன்றைய வண்டிகளில் பெடல் இல்லை; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இருவர் அமரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டான டிவிஎஸ் 50, 1980-இல் ஓசூரில் இருந்து வெளிவந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊரே.

'பால்காரர் வண்டி', 'பெரியவர் ஓட்டும் வண்டி' என்பன இதன்மீது விழுந்த முத்திரைகள். திரைப்படங்களில் நாயகனுக்குப் பெரிய மோட்டார் சைக்கிளும் நகைச்சுவை நடிகருக்கு மொபெட்டும் கிடைப்பது வழக்கம். கல்லூரி வண்டி நிறுத்தத்தில் அப்பாவின் எக்ஸெல்லை ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கும் மாணவருக்கு இந்தக் கேலி நன்றாகத் தெரியும். அவர் கல்லூரிக் கட்டணம் அதே வண்டியில் சந்தைக்குப் போன சரக்கிலிருந்து வந்திருக்கலாம் என்பது வேறு கதை.

மொபெட் ஓட்டுவோர் இந்தக் கேலிக்கு மறுப்பாகக் காட்டுவது வண்டியின் வேகத்தை அல்ல, அது சுமக்கும் சரக்கை. பின் இருக்கையைக் கழற்றிவிட்டால் அந்த இடம் சுமைக்கு ஆகிறது. கால் வைக்கும் தளத்தில் இன்னொரு மூட்டை நிற்கும். நாமக்கல்லில் கடைகளுக்குப் போகும் முட்டை அட்டைகள், பரமத்திவேலூர் ஆற்றோரத்து வெற்றிலைக் கட்டு, இளம்பிள்ளையில் தறிக்குப் போகும் நூல், காட்டிலிருந்து மாட்டுக்கு வரும் சோளத்தட்டு ஆகியவை இப்படித்தான் பயணிக்கின்றன. 190 கிலோவுக்கு மேல் எடையுள்ள 350 சிசி வண்டியை வரப்பில் திருப்புவது பெரும்பாடு. மொபெட்டின் எடை அதில் பாதிக்கும் குறைவு.

எக்ஸெல் 100-இன் எஞ்சின் 99.7 சிசி, திறன் ஏறத்தாழ 4.3 குதிரைத்திறன். இது போதுமா என்ற ஐயத்துக்கு இயற்பியலில் விடை உண்டு. காற்றெதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக உயரும். வேகம் இரட்டித்தால் அது எட்டு மடங்காகும். சமதளச் சாலையில் ஓட்டுநருடனும் ஓரளவு சுமையுடனும் மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்ல ஒன்றரை குதிரைத்திறன் அளவே போதும். 80 கிலோமீட்டரில் செல்ல வேண்டுமென்றால் இந்த எஞ்சின் போதாது. ஆனால் ஊருக்கும் சந்தைக்கும் இடையே அந்த வேகம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

சிறுவண்டியை ஆதரிப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டிய குறைகள் உண்டு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இருவரையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு ஏறினால் வண்டி திணறும். சேலத்தையும் நாமக்கல்லையும் இணைக்கும் நான்கு வழிச் சாலையில் பெரிய லாரி உரசிக் கடக்கும்போது, இலகுவான வண்டி காற்றில் ஆடும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். 'சின்ன வண்டிதானே' என்று தலைக்கவசத்தை வீட்டில் விடுவது இவை எல்லாவற்றையும்விட மோசமானது. கேலி செய்பவரும் ஓட்டுபவரும் ஒன்றுபோல நம்பும் தவறு இது.

சட்டம் இதைப் பொம்மையாகப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி 50 சிசிக்கு மிகாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம். அதற்கும் உரிமம் வேண்டும். 100 சிசி எக்ஸெல்லுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2018-இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், பணிபுரியும் பெண்களுக்கு 125 சிசிக்கு மிகாத வண்டிகளுக்கே மானியம் அளித்தது.

உலகில் மிக அதிகமாக உற்பத்தியான மோட்டார் வண்டியும் ஒரு சிறுவண்டிதான். 1958-இல் 49 சிசி எஞ்சினுடன் வந்த ஹோண்டா சூப்பர் கப், 2017-இல் பத்துக் கோடியைத் தொட்டது.

2017 ஏப்ரலில் பிஎஸ்-4 மாசு விதிகள் எல்லாப் புதிய இருசக்கர வண்டிகளுக்கும் கட்டாயமாயின. அதற்குச் சற்று முன்பே நான்கு வீச்சு எஞ்சினுடன் எக்ஸெல் 100 வந்திருந்தது. இரண்டு வீச்சு வண்டியில் பெட்ரோலுடன் ஆயில் கலக்க வேண்டும், புகையும் அதிகம். ஆனால் எஞ்சினில் பாகங்கள் குறைவு என்பதால் ஊர்ப் பட்டறையிலேயே பிரித்து மாட்டிவிடலாம். 2020-இல் பிஎஸ்-6 விதிகளோடு எரிபொருள் செலுத்தும் வேலையும் மின்னணுவின் கைக்குப் போனது. பழைய இரண்டு வீச்சு வண்டியை விற்க மனமில்லாமல் பிளக்கைத் துடைத்துத் துடைத்து ஓட்டும் விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள்.