காதில் சீழும் கடலைப் பருப்பும்

திண்டிவனம் என்றதும் உழவுத் தொழில் அறிந்தோருக்கு நிலக்கடலை நினைவுக்கு வரும். அவ்வூரிலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய விதை வகைகளுக்கு டி.எம்.வி. என்றே பெயர், அம்மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கின்றன. அறுவடைக் காலத்தில் விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை களத்திலும் திண்ணையிலும் கடலை காய்ந்து கிடக்கும். பெரியவர்கள் உடைத்துத் தின்பார்கள். மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையும் கை நீட்டும். நாமும் அன்போடு இரண்டு பருப்பை அதன் வாயில் போடுவோம்.

மூன்று வயது நிறையாத குழந்தைக்குக் கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைத்திருப்பதில்லை. பருப்பை அரைக்க இயலாமல் சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ மூச்சை உள்ளிழுக்கும்போது அது உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாயினுள் சென்றுவிடும். முதலில் கடுமையான இருமல் எழும். பின்னர் அது அடங்கிவிடும். தாய் ஆறுதல் அடைவாள். உண்மையில் அபாயம் தொடங்குவது அப்போதுதான். பருப்பு ஈரத்தில் ஊறிப் பருத்து, தன் எண்ணெயால் நுரையீரலின் மென்படலத்தை அரிக்கும். சில நாட்கள் கழித்து இழுப்பும் காய்ச்சலும் வரும். ஆஸ்துமா என்றும் சளி என்றும் மருந்து கொடுப்பார்கள். எக்ஸ்ரே படத்தில் கடலை தெரிவதில்லை. ஒரு பக்க நுரையீரல் மட்டும் அளவுக்கு மீறி உப்பியிருப்பது, பார்க்கத் தெரிந்த கண்ணுக்கே புலப்படும். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயினுள் கருவியைச் செலுத்தி அதை எடுக்க வல்லவர் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

“ஒருநாள் கடலை தின்றபோது புரையேறியதா?” என்னும் அந்த ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர் யார்? ஊரின் துணைச் சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருக்கும் செவிலியரே. அக்கேள்வியைக் கேட்க அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் வட்டாரத்தில் மருத்துவ வசதி முன்னிருந்த நிலையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. புதுவையில் ஜிப்மர் உண்டு. ஆயினும் உட்கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து, இரு பேருந்து மாறி, காதில் சீழ் வடியும் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய் எத்தனை பேர்? “காதுதானே, தானாய் நின்றுவிடும்” என்று வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறவர்களே மிகுதி. என் பாட்டியும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத்தான் என் காதில் விட்டார். அன்புக்குக் குறைவில்லை, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் இறங்கும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

சீழ் வடியும் காதுகள் எல்லாம் ஒன்றல்ல. செவிப்பறையின் நடுவே ஓட்டை விழுந்து, சளி வரும்போதெல்லாம் நிறைய ஒழுகுவது ஒரு வகை. காதைச் சுத்தமான துணித் திரியால் ஒற்றி உலர்த்தி, நீர் புகாமல் காத்து, மருத்துவர் தரும் சொட்டு மருந்தை இட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்கிய பிறகு ஓட்டையை அறுவைச் சிகிச்சையால் அடைக்கலாம். மற்றொரு வகை சிறிதளவே ஒழுகும். ஆனால் துர்நாற்றம் வீசும். செவிப்பறையின் மேற்பகுதியில் தோல் உள்நோக்கி வளர்ந்து, எலும்பையே அரித்துச் செல்லும் நோய் அது. முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைச்சுற்றல், மூளைக் காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி என அதன் பாதை நீளும். குறைவாக ஒழுகுகிறதே என்று மகிழ்கிற வீட்டில்தான் இக்கொடுமை நிகழ்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு ஒளிக்கருவியும், நூற்றுக்கணக்கான காதுகளைப் பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும். கருவியை வாங்கிவிடலாம். கண்ணைப் பழக்குவதற்கோ பயிற்சி வேண்டும்.

மேலை நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, செவிலியருக்கு நோயறியும் பயிற்சியைத் தொடங்கினர். அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பியோரைக் கொண்டு மருத்துவர் உதவியாளர் என்னும் புதுத் தொழிலை உருவாக்கினார். இன்று அங்கே இவ்விரு பிரிவினரும் பட்டம் பெற்ற பின், காது மூக்கு தொண்டைத் துறையில் மட்டும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் தங்கிப் பயிலும் முதுநிலைப் பயிற்சிகள் உள்ளன. செல்வ நாட்டின் சங்கதி என்று ஒதுக்க வேண்டியதில்லை. கென்யாவில், மருத்துவப் பட்டம் பெறாத மருத்துவ அலுவலர்களுக்கு இத்துறையில் உயர் டிப்ளமா வழங்குகிறார்கள். மலாவியிலும் அத்தகையோரே காது நோயாளரைப் பெருமளவு கவனிக்கின்றனர்.

நம் நாட்டிலும் வித்து ஊன்றப்பட்டிருக்கிறது. மருத்துவர் உதவியாளர் பயிற்சி 1992இல் சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே.எம். செரியனின் முயற்சியால் தொடங்கிற்று. அதனால்தானோ என்னவோ, நம் மக்கள் அவர்களை இன்றும் பெருநகர மருத்துவமனைகளின் இதயப் பிரிவிலேயே மிகுதியும் காண்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் அவர்களுக்குச் சட்டத்தில் இடம் தந்தது. செவிலியருக்கோ, இந்தியச் செவிலியர் மன்றம் தீவிர சிகிச்சைக்கு ஈராண்டு முதுநிலைப் பயிற்சியை வகுத்தது. மகப்பேற்றுக்கும் தனிப் பயிற்சி வந்தது. உயிர் ஊசலாடும் இடங்களுக்கு முதலிடம் கொடுத்தது நியாயமே. காது கொல்லாமல் கெடுப்பது; ஆகவே வரிசையில் பின்தங்கிவிட்டது.

காதுகேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007இல் 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, பின்னர் விரிவடைந்தது. மாவட்ட நிபுணர் முதல் அங்கன்வாடிப் பணியாளர் வரை அனைவருக்கும் பயிற்சி என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நல்லதே. ஆனால் சில நாள் வகுப்பு வேறு, ஓராண்டு நிபுணர் அருகில் நின்று பழகுவது வேறு. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளின் காதுகேளாமையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக் கூடியது என்கிறது. பிறவிச் செவிடோ காலத்தோடு போட்டியிடும் நோய். ஆறு மாதத்திற்குள் கண்டு கருவி பொருத்தினால் பேச்சு வளரும். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே உட்செவிக் கருவி பொருத்தும் வாய்ப்பு உண்டு. “அப்பாவும் தாமதமாய்த்தான் பேசினார்” என்று நாம் காத்திருக்கும் ஆண்டுகள் அந்த ஆறில்தான் கழிகின்றன.

அப்படியொரு பயிற்சி முண்டியம்பாக்கம் போன்ற இடத்தில் அமைந்தால் என்ன கற்பிக்க வேண்டும்? செவிப்பறை பார்த்தல், இசைக்கவையால் கேள்வித்திறன் அறிதல், குறும்பி எடுத்தல், மூக்கில் இரத்தம் வடிந்தால் தலையை முன்சாய்த்து மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தல், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கப்பட்டவரைப் பேணுதல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருக்கும் புகையிலைப் பழக்கமுள்ளவரைத் தாமதமின்றி நிபுணரிடம் அனுப்புதல் ஆகியன அடிப்படை. இவற்றினும் கடினமான பாடம், எதைத் தொடக் கூடாது என்பது. காதில் சிக்கிய அவரை விதையை நீர் பாய்ச்சி எடுக்க முயன்றால் அது ஊறிப் பெருக்கும். மூக்கில் செருகிய பொத்தான் பேட்டரியை நாளை பார்க்கலாம் என்று விட்டால் சில மணி நேரத்தில் சதையைப் பொசுக்கிவிடும்.

மருத்துவர்களுள் சிலர் இதை ஏற்பதில்லை. அரைகுறைப் படிப்பு போலி மருத்துவத்துக்கு வாசல் திறக்கும், கிராமத்தானுக்கு மட்டும் இரண்டாந்தர வைத்தியமா என்பது அவர்கள் கேள்வி. அதைப் புறந்தள்ள எனக்கு மனமில்லை. மேற்பார்வையிடும் நிபுணர் ஒருவர், எழுத்தில் வரையறுத்த அதிகார எல்லை, அனுப்பிய நோயாளி திரும்பி வந்தாரா என்று காட்டும் பதிவேடு ஆகிய மூன்றும் இல்லாவிடில் அவர்கள் அஞ்சுவதே நடக்கும். ஆனால் இன்று அந்தக் கிராமத்தானுக்குக் கிடைப்பது முதல்தர வைத்தியமும் அன்று. பேருந்து நிலையத்தில் காது குடைபவரின் கம்பி.

செவிலியர் தரப்பிலும் ஒரு நியாயமான கேள்வி எழும். ஓராண்டு குடும்பத்தை விட்டுப் பயின்று வந்தபின், பதவிப் பெயரும் ஊதியமும் மாறுமா, அல்லது பழைய இடத்திலேயே தடுப்பூசிப் பதிவேடு எழுத வேண்டுமா? இதற்கு விடையின்றிப் பயிற்சி தொடங்கினால், பயின்றவர் சென்னைத் தனியார் மருத்துவமனைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையும் இராது.

அதுவரை தாய்மார்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். கடலை புரையேறிய குழந்தை பலமாக இருமினால் இரும விடுங்கள்; வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இருமவும் அழவும் இயலாமல் திணறினால், தலை தாழ்ந்திருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டி, 108க்குச் சொல்லச் செய்யுங்கள். இருமல் நின்று குழந்தை விளையாடத் தொடங்கினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி, தின்றது கடலை என்று மறவாமல் சொல்லுங்கள்.