ஒளிப்பதிவுக் கருவிகளும் கணிப்பொறியின் அனுமதி முறையும்

ஐதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்விப் பல்லூடக மையம் போன்ற நிறுவனங்கள் பாடங்களை ஒளிப்பதிவு செய்து மாணவர்க்கு அளித்து வருகின்றன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் பரவிய சிறு டிஜிட்டல் நாடாக்களில் வகுப்பறைப் பாடங்களும் களப்பணிக் காட்சிகளும் பல இடங்களில் பதிவாயின. நாடாவின் காந்தப் பூச்சு நாளடைவில் நலிவடையும். அதனை ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. ஆகவே அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றுதல் தாமதிக்கத்தகாத பணியாகும்.

இதற்குப் பயன்படும் இணைப்பு ஃபயர்வயர் எனப்படும். 1995-இல் 1394 என்னும் எண்ணுடன் தரநிர்ணயம் செய்யப்பெற்ற இது, வினாடிக்கு 40 கோடி பிட்டுகள் வரை கடத்த வல்லது. ஒரு மணி நேர நாடாவின் பதிவு ஏறத்தாழ 13 கிகாபைட் இடங்கொள்ளும்.

லினக்ஸ் முறையில் பெரும்பாலான கருவிகள் கோப்புகளாகத் தோன்றும். உரிமையாளர், குழு, ஏனையோர் என மூவகையினருக்கும் தனித்தனி அனுமதி உண்டு. அனுமதி இல்லையெனில், காமிரா சரியாக இணைந்திருந்தும் நாடாவைப் படிக்கும் நிரல் இயங்காது. அப்போது சிலர் ரூட் எனும் தலைமைப் பயனராக நிரலை இயக்குவர். வேறு சிலர் கோப்பினை அனைவருக்கும் திறந்துவிடுவர். இரண்டும் தவறான வழிகளாகும்.

காரணம் யாதெனில், ஒரே கம்பி வழியில் காமிரா மட்டுமன்றி வன்தட்டும் இணைந்திருக்கக் கூடும். பழைய அமைப்பில் ரா-1394 என்ற ஒரே கோப்பு முழு வழியையும் ஆண்டது. அதனைத் திறந்துவிட்டால், காமிராவைப் பயன்படுத்த வந்தவருக்கு வன்தட்டிலும் கை வைக்க இடமுண்டாகும். 2007-இல் வந்த புதிய அமைப்பு கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வழங்கியது. பழைய அமைப்பு 2011-இல் நீக்கப்பட்டது.

இப்போது யூடெவ் எனும் பகுதி, கருவி தன்னைப் பற்றி அறிவிக்கும் எண்ணைப் படித்து, அது காமிராவாயின் அதன் கோப்பினை மட்டும் ‘வீடியோ’ குழுவிற்கு உரியதாக்குகிறது. எனவே நிர்வாகி செய்ய வேண்டுவது, பணியாளரை அக்குழுவில் சேர்ப்பதே. பணியாளர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தபின் அனுமதி செல்லுபடியாகும். கையால் மாற்றிய அனுமதியோ, கம்பியைக் கழற்றியவுடன் கோப்போடு மறைந்துபோகும். தன்னைக் காமிராவென அறிவிக்காத கருவிக்கு, அதன் அடையாள எண்ணைக் குறிப்பிட்டுத் தனி விதி எழுதலாம்.

லினக்ஸின் ஃபயர்வயர் பகுதியை 2029 வரை பேணுவதாக அதன் பராமரிப்பாளர் அறிவித்துள்ளார். நாடாக்களை வைத்திருக்கும் பள்ளிகளும் அலுவலகங்களும் அதற்குள் இம்மாற்றுப் பணியை முடித்துக்கொள்ளுதல் நலம்.